‘எபி எப்போ ரைட்டர்ஜி?’ - காதல் நாவல் எழுதுவோரின் தூக்கம் தொலைந்த இரவுகள்

இரவு பத்தரை மணி. சமையல் மேடையைத் துடைத்தாயிற்று. காலை டிபனுக்குச் சுண்டல் ஊறப்போட்டாயிற்று. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஹாலில் கணவர் கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அவர். மாதக்கணக்கில் மொபைலில் கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதிய நாவல் அதற்குள் இருக்கிறது. அட்டைப்படம் ஏற்றியாயிற்று, விலையும் போட்டாயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியாக ஒருமுறை கோப்பைப் புரட்டுகிறார். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நாயகனுக்குப் போன நாவலின் நாயகன் பெயர் விழுந்திருக்கிறது! பதறியடித்துத் திருத்தி மறுபடி ஏற்றுகிறார். திரையில் மஞ்சள் நிறப் பொத்தான். விரல் அதன்மேல் போய்ப் போய்த் திரும்புகிறது. ஒருவழியாக அழுத்திவிடுகிறார். 72 மணி நேரத்துக்குள் புத்தகம் விற்பனைக்கு வரும் என்கிறது மின்நூல் தளமான கிண்டில். இனி அவருக்குத் தூக்கம் வருமா?

இந்தக் காட்சி ஈரோட்டில் நடக்கலாம், மதுரையில் நடக்கலாம். யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ கூட நடக்கலாம். தமிழில் இன்று காதல் நாவல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அலுவலகம் போகிறவர்கள், வீட்டை நிர்வகிப்பவர்கள், ஆசிரியைகள், ஐடி ஊழியர்கள் என எல்லாரும் இருக்கிறார்கள். முதல் நாவலுக்கும் முப்பதாவது நாவலுக்கும் படபடப்பில் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால், அந்தப் படபடப்பின் காரணங்கள் அடியோடு மாறிவிட்டன. முன்பெல்லாம் பத்திரிகை ஆசிரியர் என்றொருவர் நடுவில் இருந்தார். அவருக்குப் பிடித்தால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். இப்போது எழுதுகிறவரே ஆசிரியர், பிழை திருத்துபவர், அட்டை வடிவமைப்பாளர், விளம்பரதாரர், கணக்குப்பிள்ளை. பாராட்டானாலும் திட்டானாலும் நேராக அவர் கைபேசிக்குத்தான் வந்து விழுகிறது.

தபால்காரர் காலம்

சுருக்கமாகப் பழைய கதையைப் பார்த்துவிடலாம். திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை.மு.கோதைநாயகி அம்மாள் எழுதப் பழகியிராத காலத்திலேயே கதை சொல்ல ஆரம்பித்தவர். அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் ‘இந்திர மோகனா’ நாடகம். பிறகு தானே எழுதப் பழகி, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். அச்சேற்ற யாருடைய தயவுக்கும் காத்திராமல் சொந்தப் பத்திரிகையிலேயே தொடர் போட்டவர் அவர். இன்றைய சுயபதிப்பு எழுத்தாளர்கள் தங்கள் படத்தை மாட்டும் சுவரில் முதல் படமாக அவரைத்தான் மாட்ட வேண்டும்.

லட்சுமி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரியின் கதை வேறு. மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது பணத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.எஸ்.வாசனைப் போய்ப் பார்த்தார். எழுதினால் சன்மானம் உண்டு என்று வழி காட்டப்பட்டது. கதை பிரசுரமாவதும் படிப்பு தொடர்வதும் ஒன்றையொன்று நம்பியிருந்த நாட்கள் அவை. அந்தப் பதற்றத்துக்கு முன்னால் லைக் எண்ணிக்கை எல்லாம் எந்த மூலைக்கு!

அதன்பின் வந்தது மாத நாவல்களின் காலம். ‘ராணி முத்து’, ‘மாலைமதி’ என்று பெட்டிக்கடையில் தொங்கிய நாவல்கள், பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் முடிந்துவிடும். அந்தக் காலத்தின் மகாராணி ரமணிசந்திரன். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள். முதல் பக்கத்தில் முறைத்துக்கொள்ளும் நாயகனும் நாயகியும் கடைசிப் பக்கத்தில் சேர்ந்தே தீருவார்கள். அந்த உறுதிமொழிக்காகவே அம்மாக்களும் மகள்களும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தார்கள். இன்று எழுதுகிறவர்களில் பலருக்கும் அவர்தான் முதல் பள்ளிக்கூடம். இலக்கிய மேடைகள் அவரைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. அதனால் வாசகியர் எண்ணிக்கையில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

---
பெட்டிச் செய்தி: நூறாண்டுப் பாதை

• 1924 - வை.மு.கோதைநாயகியின் முதல் படைப்பு ‘இந்திர மோகனா’.
• 1925 - ‘ஜகன்மோகினி’ அவர் கைக்கு வந்தது.
• 1969 - ‘ராணி முத்து’ மாத நாவல் தொடக்கம்.
• 1984 - ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக லட்சுமிக்கு சாகித்ய அகாடமி விருது.
• 2008 - சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது ரமணிசந்திரனும் அதில் இடம்பெற்றார்.
• 2014 - பெங்களூரில் ‘பிரதிலிபி’ இணையக் கதைத் தளம் தொடக்கம்.
• 2016 டிசம்பர் - கிண்டிலில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மின்நூல்கள்.
---

எபி போட்டாச்சா?

இன்றைய காதல் நாவல் புத்தகமாகப் பிறப்பதில்லை. அத்தியாயம் அத்தியாயமாகத்தான் பிறக்கிறது. வாசகியர் மொழியில் அது ‘எபி’. வாரத்துக்கு இரண்டு எபி, மூன்று எபி என்று இணையத்தில் தொடராக வரும். எழுதி முடிக்காமலே பதிவிடத் தொடங்கும் கதைக்கு ‘ஆன்கோயிங்’ என்று பெயர். முதலில் ஒரு டீசர், பிறகு நாயகன் நாயகி பெயர் அறிமுகம், அப்புறம் முதல் எபி. அதிலேயே பாதி உயிர் போய்விடும்.

பதிவிட்ட பத்து நிமிடத்தில் முதல் கமென்ட் வந்துவிட வேண்டும். வராவிட்டால் எழுதியவர் மனம் என்னென்னவோ நினைக்கும். கதை பிடிக்கவில்லையோ, நேற்றைய எபியில் மாமியாரை அதிகமாகத் திட்டவைத்துவிட்டோமோ, நாயகி அழுதது அலுத்துவிட்டதோ? படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறவர்களுக்கும் இந்த உலகத்தில் பெயர் உண்டு: ‘சைலன்ட் ரீடர்ஸ்’. எழுத்தாளர்கள் அதிகம் பயப்படுவது திட்டுகிறவர்களைப் பார்த்தல்ல, இவர்களைப் பார்த்துத்தான். ஆயிரம் பேர் திறந்து பார்த்ததாகக் கணக்குக் காட்டும். கமென்ட் பெட்டியில் ஏழு பேர்தான் இருப்பார்கள். மிச்சப் பேர் என்ன நினைத்தார்கள்? யாருக்குத் தெரியும்!

இரண்டு நாள் எபி வராவிட்டாலோ, வாசகியர் வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ‘எபி எப்போ ரைட்டர்ஜி?’ என்ற கேள்வியில் பாசமும் உண்டு, அதட்டலும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம், ஆபீசில் ஆடிட்டிங் என்று எழுத்தாளர் லீவ் லெட்டர் எழுதுவதும், “குழந்தையைப் பாருங்க சிஸ், கதை எங்க போகப் போகுது” என்று பதில் வருவதும் வாடிக்கை. சந்தா கட்டிப் படித்த வாரப்பத்திரிகைக் காலத்தில் இந்த நெருக்கம் கிடையாது. எழுதும் பெண்ணுக்கு அது பெரிய தெம்பு. வீட்டில் கிடைக்காத ‘நல்லா எழுதுறே’ என்ற சொல் அங்கேதான் கிடைக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இருபதாவது எபியில் நாயகியை வேலைக்கு அனுப்பலாம் என்று எழுத்தாளர் நினைத்திருப்பார். பத்தொன்பதாவது எபிக்கு வந்த கமென்ட்கள் எல்லாம் ‘சீக்கிரம் சேர்த்து வைங்க’ என்று கெஞ்சும். வேலை தள்ளிப்போகும், கல்யாணம் முந்திக்கொள்ளும். கதையின் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பது ஒவ்வொரு எபியிலும் நடக்கும் இழுபறி. அதில் விட்டுக்கொடுக்காமல், வசவு வாங்கினாலும் பரவாயில்லை என்று தன் முடிவோடு நிற்பவர்களின் நாவல்தான் தொகுத்துப் படிக்கும்போது நாவலாக நிற்கிறது. மற்றவை எபிகளின் மூட்டை.

ஆன்ட்டி ஹீரோ சண்டை

இந்த உலகத்தில் அனல் பறக்கும் விவாதம் ஒன்று உண்டு. நாயகியை மிரட்டித் தாலி கட்டுகிறவன், சந்தேகப்படுகிறவன், கை நீட்டுகிறவன் எல்லாம் கடைசி அத்தியாயத்தில் உருகி ‘நல்லவன்’ ஆகிவிடும் கதைகளுக்குப் பெரிய வாசகக் கூட்டம் இருக்கிறது. ‘ஆன்ட்டி ஹீரோ’ என்று அட்டையிலேயே சொல்லி விற்கிறார்கள். அதே வாசகியருக்குள்ளேயே இதைக் கிழித்துத் தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அடித்தவனை மன்னிப்பதுதான் காதலா, அவனைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டாமா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

வன்முறையைக் காதலாக விற்பது தவறு. அதில் மழுப்ப ஒன்றுமில்லை. அதைச் சொல்லும்போது ஒன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கேள்வியை இலக்கிய விமர்சகர்கள் வந்து எழுப்பவில்லை. காதல் நாவல் படிக்கும் பெண்கள்தான் எழுப்பினார்கள். விவாகரத்துக்குப் பிறகு வரும் காதல், நாற்பது வயதுப் பெண்ணின் காதல், குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்த தம்பதி என்று கதைக்களம் விரிவதற்கும் அவர்களே காரணம். மென்மையான நாயகனை எழுதுகிறவருக்கு ‘விறுவிறுப்பா இல்லையே’ என்ற பயம். முரட்டு நாயகனை எழுதுகிறவருக்கு ‘கிழித்துவிடுவார்களோ’ என்ற பயம். எப்படி எழுதினாலும் வெளியிடும் நாளில் வயிற்றில் புளி கரைவது நிச்சயம்.

பைசாக் கணக்கு

தொடர் முடிந்ததும் ஒரு வாரமோ பத்து நாளோ இணைப்பு திறந்திருக்கும். ‘லிங்க் எடுக்கப் போறேன், படிச்சு முடிச்சிடுங்க’ என்று அறிவிப்பு வரும். ஏன் இந்த அவசரம்? கிண்டிலில் சந்தா கட்டிப் படிக்கும் திட்டத்தில் நாவலைச் சேர்க்க வேண்டுமானால், அதன் மின்வடிவம் 90 நாட்களுக்கு வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை வெளியே வைக்கலாம், அவ்வளவுதான். அந்தத் திட்டத்தில் சேராவிட்டால் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டியும் கிடையாது, 35 சதவீதம்தான். வருமானம் வேண்டுமென்றால் வேறு வாசல்களை மூடியாக வேண்டும்.

சந்தாத் திட்டத்தில் பணம் வருவது பிரதிக்கு அல்ல, படித்த பக்கத்துக்கு. ஒரு வாசகர் முதல்முறை படிக்கும் பக்கத்துக்கு மட்டுமே காசு. உருகி உருகி அதே காதல் காட்சியை ஐந்து முறை படித்தாலும் ஒருமுறைதான் கணக்கு. பக்கத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகையும் கிடையாது. மாதாமாதம் ஒதுக்கும் நிதியைப் பொறுத்து மாறும். எப்படிப் பார்த்தாலும் பைசாக் கணக்குதான். அந்தப் பைசாவும் மாதம் முடிந்து ஏறக்குறைய அறுபது நாள் கழித்துத்தான் வங்கிக்கு வரும். நடுவே அமெரிக்க வரித்துறைக்கான கேள்வித்தாளை வேறு நிரப்ப வேண்டும். பான் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ஆங்கிலப் படிவத்தின் முன்னால் வியர்த்து நிற்காத தமிழ் எழுத்தாளர் குறைவு.

புத்தகம் வெளியான முதல் வாரத்தில், படிக்கப்பட்ட பக்கங்களைக் கிண்டில் காட்டும் வரைபடத்தைப் பார்ப்பதே முழுநேர வேலையாகிவிடுகிறது. காலை காபிக்கு முன் ஒருமுறை, குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் ஒருமுறை. ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று அது காட்டும். யார் படித்தார், எந்த வரியில் அலுத்துப்போய் மூடினார் என்று காட்டாது. இரண்டாம் நாள் கோடு சரிந்தால் கதையின் நடுப்பகுதி சொதப்பல் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு முடங்குகிறவர்கள் உண்டு. அன்று வேர்ல்ட் கப் ஃபைனல் நடந்திருக்கும்!

பக்கத்துக்குக் காசு என்றானதில் எழுத்தின் வடிவமும் மாறியிருக்கிறது. பழைய மாத நாவல் ஒரு மதியத் தூக்கத்தின் அளவு. இன்றைய நாவல்கள் நானூறு, ஐந்நூறு பக்கம் தாண்டி, பாகம் ஒன்று, பாகம் இரண்டு, நாயகனின் தம்பிக்கு ஒரு கதை என்று நீள்கின்றன. சிலவற்றுக்கு அந்த நீளம் தேவைதான். பலவற்றில் நாயகி புடவை மாற்ற அறைக்குள் போய் வெளியே வருவதற்குள் மூன்று ஃபிளாஷ்பேக் ஓடிவிடுகிறது. கையில் கத்தரியோடு ஒரு பத்திரிகை ஆசிரியர் இருந்திருக்கலாமே என்று ஏங்கவைக்கும் இடம் இது.

பிடிஎஃப் என்னும் திருட்டு

வெளியீட்டுப் படபடப்பில் மிகவும் கசப்பான பகுதி இதுதான். நாவல் கிண்டிலுக்கு வந்து ஓரிரு நாளிலேயே டெலிகிராம் சேனல்களில் பிடிஎஃபாக உலவத் தொடங்குகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் ‘இந்த நாவல் இருந்தா ஷேர் பண்ணுங்க தோழிகளே’ என்ற வேண்டுகோள் சாதாரணமாக வரும். அடுத்த நிமிடம் கோப்பும் வந்துவிடும். கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் ஏதோ ரேஷன் கார்டை நகல் எடுத்துக் கொடுத்த நினைப்பு. யாருடைய பையிலிருந்து எடுக்கிறோம் என்ற உறுத்தல் இல்லை.

யூடியூபில் ஆடியோ நாவல் சேனல்கள் பெருகியிருக்கின்றன. அனுமதி வாங்கி, எழுத்தாளருக்குப் பணமும் கொடுத்து, அழகாக வாசிக்கும் சேனல்கள் உண்டு. கேட்காமல் கொள்ளாமல் முழு நாவலையும் வாசித்துப் போட்டு விளம்பர வருமானம் பார்ப்பவையும் உண்டு. நாயகன் நாயகி பெயரை மாற்றி, ஊரை மாற்றி, முழுக்கதையையும் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் திருட்டும் நடக்கிறது. இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வாசகியர்தான். “சிஸ், உங்க கதை மாதிரியே இருக்கே” என்று லிங்க்கோடு முதலில் வந்து நிற்பவர்கள் அவர்கள்.

இதன் விளைவு வருமான இழப்போடு நிற்பதில்லை. நாவல் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைக் கிண்டில் தரப்பு கவனித்தால், உரிமை உங்களுடையதுதானா என்று விளக்கம் கேட்டு எழுத்தாளருக்கே மின்னஞ்சல் வரும். திருடு கொடுத்தவரே போய் நிரூபிக்க வேண்டிய நிலை! இந்த அலைச்சலில் வெறுத்துப்போய், எழுதி வைத்த அடுத்த நாவலை வெளியிடாமலே வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இழப்பு யாருக்கு?

சட்டம் ஒன்றும் கையாலாகாதது அல்ல. 2022 ஆகஸ்டில், பயிற்சி நூல்கள் எழுதிய ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில், திருட்டுப் பிரதிகளைப் பரப்பிய சேனல்களை நடத்துவோரின் விவரங்களைத் தரும்படி டெலிகிராமுக்கு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயரில்லாச் சேனலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில் விழுந்த பெரிய ஓட்டை அது. ஆனால், மாதம் சில ஆயிரம் வருவதே சந்தேகம் என்ற நிலையில் ஒரு குடும்பத்தலைவி வக்கீல் வைத்து உயர் நீதிமன்றப் படி ஏறுவாரா? எழுத்தாளர்கள் கூட்டாக ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பும் ஏற்பாடு வந்தால்தான் இது அடங்கும்.

---
பெட்டிச் செய்தி: கையெழுத்துப் போடுமுன்

• பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, எழுதிய கணமே உரிமை எழுத்தாளருடையது. பதிவு செய்வது கட்டாயம் அல்ல. வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும்.
• பதிப்பகத்துக்கு உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்துமூலமாக இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சு செல்லாது.
• ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும்.
• உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, அந்த உரிமை காலாவதியாகிவிடும்.
• தெரிந்தே உரிமை மீறுவோருக்குப் பிரிவு 63-இன் கீழ் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம்.
---

வீட்டுக்குள் ஒரு வாசகர்

ஊர் முழுக்கப் படித்தாலும் பரவாயில்லை, வீட்டில் யாரும் படித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் எழுத்தாளர்கள் காதல் நாவல் உலகில்தான் இருப்பார்கள். கொலை நாவல் எழுதுகிறவரைப் பார்த்து ‘யாரைக் கொன்றீர்கள்’ என்று எவரும் கேட்பதில்லை. காதல் நாவல் எழுதும் பெண்ணைப் பார்த்து மட்டும், ‘இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பலர் புனைபெயரில் ஒளிந்திருக்கிறார்கள். முத்தக் காட்சி எழுதியிருக்கும் எபியைப் பதிவிடும் இரவில், மாமியார் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் யாராவது அதைப் பகிர்ந்துவிடுவார்களோ என்று பயப்படுவதெல்லாம் நடப்புதான். நாத்தனாரே தன்னுடைய தீவிர ரசிகை என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் எழுதுவதும் நடக்கக்கூடியதே.

இன்னொரு பக்கமும் உண்டு. அட்டைப்படம் செய்து கொடுக்கும் மகன், எழுத்துப்பிழை பார்க்கும் கணவர், ‘என் பொண்ணு நாவலிஸ்ட்’ என்று நடைப்பயிற்சித் தோழிகளிடம் பீற்றிக்கொள்ளும் அம்மா. முதல் ராயல்டியில் தனக்கென்று ஒரு சேலையோ, பிள்ளைக்கு ஒரு சைக்கிளோ வாங்கும்போது வீட்டின் பார்வை மாறுவதைப் பலரும் அனுபவித்திருக்கிறார்கள். தொகை சின்னதாக இருக்கும். ஆனால், வங்கிச் செய்தியில் வரும் பெயர் அவருடையது.

அட்டை போட்ட ஆசை

இவ்வளவுக்குப் பிறகும் அச்சுப் புத்தகத்தின் மேல் இருக்கும் மோகம் தீரவில்லை. காதல் நாவல்களின் அச்சுச் சந்தை நெடுங்காலமாக வாடகை நூலகங்களை நம்பி ஓடியது. புத்தக விலையில் ஒரு சிறு பங்கை வாடகையாகக் கொடுத்து வாரத்துக்கு நாலு புத்தகம் எடுத்துப் போகும் பெண்கள்தான் அதன் ஆதாரம். அந்த நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. அச்சுப் பிரதிகளும் சுருங்கிவிட்டன. இருந்தாலும், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் நுழைந்து, ஏதோ ஒரு அரங்கின் அலமாரியில் தன் பெயர் போட்ட முதுகைப் பார்த்துவிட மாட்டோமா என்ற தவிப்பு எல்லாருக்கும் இருக்கிறது. மேடையில் இலக்கியம் பேசப்படும். காதல் நாவல் அடுக்கிய அரங்கில் பில் போட வரிசை நிற்கும்.

கடைசியாக, வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரின் புது நாவல் வருகிறதென்றால், பணம் கொடுத்தோ சந்தாவிலோ படியுங்கள். பிடிஎஃப் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள், எழுத்தாளருக்குத் தகவல் சொல்லுங்கள். படித்து முடித்தபின் பிடித்ததையும் பிடிக்காததையும் இரண்டு வரியாவது எழுதிப் போடுங்கள்.